கட்டுமரப் பந்தயமும் திருவுளச் சீட்டும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து தோழர்கள் நால்வர் செஞ்சிக்கு வந்து நம்மைக் கண்டார்கள். பொதுக்கூட்டத்திற்குத் தேதி கேட்க வந்திருக்கிறார்கள் என்றே நாம் நினைத்தோம். ஆனால் அவர்கள் கொண்டு வந்தது கூட்ட விஷயமல்ல, ஒரு வழக்கு. அதுவும் பாய்மரப் பந்தய வழக்கு. "மூன்று மலைகளும் கோட்டையும் பாறையுமாய்க் கிடக்கிற ஊரில், ஏரித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் பார்த்திராத நம்மிடமா பாய்மர வழக்கு?" என்று கேட்டோம். அவர்களில் மூத்தவர், "அய்யா, கடல் எங்களுக்குத் தெரியும். கணக்கில்தான் தகராறு. கடல் தெரிந்தவர்களெல்லாம் ஆளுக்கு ஒரு கட்சியாய் இருக்கிறோம். கட்சியில்லாத ஆள் ஒருவர் வேண்டும்" என்றார். அதற்குமேல் மறுக்க நமக்கு வழியில்லை.

வழக்கின் சுருக்கம் இது. அவர்கள் குப்பத்தில் திருவிழாவையொட்டி ஆண்டுதோறும் பாய்மரப் பந்தயம் நடக்கிறது. முன்னெல்லாம் எல்லோருடையதும் கட்டுமரமே. நீளத்தில் ஒரு முழம் கூடக்குறைய இருக்கலாம், அவ்வளவுதான். எவன் முந்தி வந்தானோ அவன் கெட்டிக்காரன் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி வந்த சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் கட்டுமரம் குறைந்து, பைபர் படகும் இயந்திரமும் வந்துவிட்டன. இப்போது அந்தக் குப்பத்தில் பாய் விரித்து ஓடும் கட்டுமரம் மூன்றுதான். பந்தயத்திற்கென்றே பாய் கட்டிக்கொள்ளும் பைபர் படகு இரண்டு. இவற்றுடன், பட்டணத்துக் கனவான்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும் இரட்டைத் தோணிப் படகு இரண்டு. அதாவது, இரண்டு மெல்லிய தோணிகளைப் பக்கம் பக்கமாய் வைத்துக் குறுக்குச் சட்டத்தால் பிணைத்து, நடுவே வலைத்துணி இழுத்துக் கட்டியது. ஆக மொத்தம் ஏழு.

சென்ற ஆண்டு முதலும் இரண்டும் இரட்டைத் தோணிகளுக்கே போயின. அறுபது வயதைத் தாண்டிய ஒரு கிழவர் தம் கட்டுமரத்தில் அய்ந்தாவதாய் வந்தார். அந்த மரத்தை அவரைவிட நன்றாக ஓட்ட அந்தக் கரையில் ஆளில்லை என்று நால்வருமே சொல்லுகிறார்கள். அவருக்குக் கிடைத்ததோ ஒரு துண்டும் ஒரு எலுமிச்சம் பழமும்!

இந்த ஆண்டு ஊர்ப் பஞ்சாயத்து கூடிற்று. அதிலே மூன்று கட்சிகள். முதல் கட்சி, அம்மன் சந்நிதியில் திருவுளச் சீட்டுப் போட்டு, சீட்டு வந்த வரிசைப்படியே படகுகளை ஒன்றன்பின் ஒன்றாய் விடவேண்டும், அம்மன் மனசு வைத்தால் மெதுவான மரமும் ஜெயிக்கும் என்பது. இரண்டாவது கட்சி பட்டணத்துக் கனவான்களுடையது. பந்தயமென்றால் முந்தி வந்தவன் முந்தி வந்தவன்தான், சலுகை கேட்பது திறமைக்கு அவமானம் என்பது. மூன்றாவது கட்சி வாலிபர்களுடையது. இரட்டைத் தோணியைப் பந்தயத்திலேயே சேர்க்கக்கூடாது என்பது. பஞ்சாயத்தார் திருவுளச் சீட்டுக்கே தீர்ப்பளித்துவிட்டார்கள். அந்தத் தீர்ப்பு பிடிக்காமல்தான் இந்த நால்வரும் பஸ் ஏறினார்கள்.

முதல் கட்சியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. யார் ஜெயிப்பது என்று அம்மனே தீர்மானிப்பதானால், கடலில் இறங்கி உடம்பை உப்பில் ஊற வைப்பானேன்? பரிசுக்கே சீட்டுப் போட்டுவிட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்து மோர் குடிக்கலாமே! அன்றியும், சீட்டில் இரட்டைத் தோணியின் பெயரே முதலில் வந்துவிட்டால் என்ன செய்வார்கள்? ஏற்கனவே வேகமுள்ளவனுக்கு அம்மன் இன்னும் பத்து நிமிஷம் தானம் செய்தாள் என்றுதானே ஆகும்? ஏழு படகில் இரட்டைத் தோணி இரண்டு என்றால், ஏழுக்கு இரண்டு பங்கு அந்த அநியாயம் நேருவதற்கு வழி இருக்கிறது. இந்தச் சின்னக் கணக்கைக்கூடப் போட்டுப் பார்க்காமல் தீர்ப்பளித்தவர்கள், மீன் ஏலத்தில் மட்டும் அரை ரூபாய் பிசகினால் விடுவார்களா என்று கேட்கின்றோம்.

இரண்டாவது கட்சிதான் பார்வைக்கு மிகவும் நியாயம்போல் இருப்பது. ஆகவே அதைத்தான் கொஞ்சம் நிதானமாய்ப் பார்க்கவேண்டும். முந்தி வந்தது யார்? ஆளா, படகா? இரண்டும் சேர்ந்தல்லவா வந்திருக்கின்றன! படகின் நீளம், பாயின் அளவு, எடை ஆகிய இவையெல்லாம் பணத்தால் வாங்கப்பட்டவை. காற்றைக் கணிப்பது, பாயை இழுப்பதும் தளர்த்துவதும், எந்த இடத்தில் திரும்புவது என்பது ஆகிய இவையே ஆளின் கெட்டிக்காரத்தனம். வாங்கின பொருளின் வேகத்தையும் ஆளின் திறமையோடு சேர்த்து எடைபோட்டுவிட்டு, "எல்லாம் திறமை" என்று சொன்னால், சாக்கையும் நெல்லோடு சேர்த்து நிறுத்துவிட்டு "எல்லாம் நெல்" என்று சொல்லுவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? நம் செஞ்சி மார்க்கெட்டுக்கு மூட்டை கொண்டுவருகிற எந்தக் குடியானவனைக் கேட்டாலும் சொல்லுவான், சாக்குக்குக் கழிவு உண்டு என்று. அந்தக் கழிவை வியாபாரி தன் இஷ்டத்திற்குக் கூட்டிக் கழித்தால் மோசடி, சாக்கையே நிறுத்துப் பார்த்துக் கழித்தால் நியாயம். பந்தயத்திலும் இவ்வளவுதான் சங்கதி. படகைக் கழித்துவிட்டு மிச்சமிருக்கிற ஆளை நிறுக்கவேண்டும்.

வெள்ளைக்காரர்கள் இந்தக் கழிவுக்கு ஹேண்டிகாப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது தொப்பிக்குள் கைவிடுவது என்னும் ஒரு பழைய பண்டமாற்று ஆட்டத்தின் பெயரிலிருந்து வந்த சொல். இரண்டு பேர் பொருளை மாற்றிக்கொள்ளும்போது, மட்டமான பொருளுக்கு மேற்கொண்டு எவ்வளவு கொடுத்தால் சரியாகும் என்று நடுவன் ஒருவன் சொல்லுவான். பிறகு குதிரைப் பந்தயக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு, வல்ல குதிரைக்கு ஈயம் ஏற்றினார்கள். குதிரைப் பந்தயத்தினால் குடி கெட்டவர்களை நாம் அறிவோமாதலால் அதன் புகழ் பாட நாம் வரவில்லை. சூதாட்டத்திலேகூட நியாயக் கணக்கு ஒன்றிருக்கிறது, சாமி விழாவில் இல்லையே என்பதுதான் நம் வருத்தம்.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. மதுரை, சிவகங்கைப் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயங்களில் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தரம் பிரித்துத் தனித்தனியே ஓட்டுகிறார்கள். பூஞ்சிட்டைப் பெரிய மாட்டோடு விட்டு, "திறமையிருந்தால் ஓடட்டும்" என்று எந்தக் கிராமத்தானும் சொல்லுவதில்லை. ஆனால் மாடு நிறைய இருந்தால் தரம் பிரிக்கலாம். ஏழே படகை மூன்று தரமாய்ப் பிரித்தால் ஒவ்வொருவனும் தன் அண்ணன் தம்பியோடுதான் ஓடவேண்டும். பலவகைப் படகும் ஒரே பந்தயத்தில் ஓடவேண்டியிருக்கும் இடத்தில்தான் கழிவுக் கணக்கு தேவைப்படுகிறது.

(இந்த இடத்தில் வாசகர்களில் சிலருக்கு வகுப்புவாரி உத்தரவு ஞாபகம் வரலாம். 1928-இல் முத்தையா முதலியார் மந்திரியாயிருந்து அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோதும், 1951-இல் அரசியல் சட்டத்தையே முதன்முறையாகத் திருத்த வேண்டிவந்தபோதும், "திறமை போச்சு" என்று அழுதவர்களின் வாதமும் பட்டணத்துக் கனவான்களின் வாதமும் ஒரே வாதம். ஆயினும் இன்றைக்கு நம் விஷயம் படகு.)

மூன்றாவது கட்சிக்காரர்களான வாலிபர்களிடம் நமக்கு அனுதாபமுண்டு. ஆனால் அவர்கள் கேட்பதும் தப்பு. 1876-ஆம் வருஷம் ஜூன் மாதம் அமெரிக்காவில் நியூயார்க் பட்டணத்தில் பெரிய பாய்மரப் பந்தயம் ஒன்று நடந்தது. நத்தானியல் ஹெரெஷாப் என்பவர் தாமே கட்டிய அமரில்லிஸ் என்னும் இரட்டைத் தோணிப் படகில் வந்து, ஒற்றைத் தோணிப் படகுகளையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். தோற்றவர்கள் சும்மாயிருந்தார்களா? அது தங்கள் ஜாதிப் படகல்ல என்று ஆட்சேபித்து, பரிசு கிடைக்கவிடாமல் செய்தார்கள். அதன் பிறகு வெகுகாலம் அந்தப் பக்கத்துப் பந்தயங்களில் இரட்டைத் தோணிக்கு இடமில்லை. வேகமாய் ஓடியதுதான் அது செய்த குற்றம்! ஏகலைவன் நன்றாய் அம்பு விட்டதற்காகக் கட்டைவிரலைக் கேட்ட துரோணாச்சாரிகள் நம் புராணத்தில் மாத்திரமல்ல, நியூயார்க்கிலும் இருந்திருக்கிறார்கள். இரட்டைத் தோணியை வெளியே தள்ளினால் கிழவர் ஜெயித்ததாக ஆகாது. வேகமானவன் இல்லாத சந்தில் ஜெயித்ததாகத்தான் ஆகும். அந்தக் கிழவரே அதை ஒப்புக்கொள்ள மாட்டார் என்று வந்தவர்கள் சொன்னார்கள். அவரிடம் நமக்கு மரியாதை ஏற்பட்டது அப்போதுதான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த இரட்டைத் தோணிக்கு உலகமெல்லாம் வழங்குகிற பெயர் காட்டமரான், அதாவது நம்முடைய கட்டுமரம்! டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி 1697-இல் அச்சிட்ட யாத்திரைப் புத்தகத்தில் நம் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். மரங்களைக் கயிற்றால் கட்டியது என்பதால் நாம் வைத்த பெயர் அது. இரட்டைத் தோணியோ பசிபிக் சமுத்திரத் தீவுக்காரர்களின் யோசனை. பெயர் தமிழனுடையது, வடிவம் தீவுக்காரனுடையது, காசு பட்டணத்தானுடையது. இன்று அந்தப் பெயருக்குரிய உண்மையான கட்டுமரம் தன் கரையிலேயே எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு நிற்கிறது.

நிற்க, கணக்குக்கு வருவோம். இரட்டைத் தோணிகளுக்கு மேல்நாட்டார் அளவை வைத்தே கழிவு போடுகிறார்கள். ஹாலந்து தேசத்தில் டெக்செல் என்றொரு தீவு. 1978 முதல் அந்தத் தீவைச் சுற்றிச் சுமார் 100 கிலோமீட்டர் தூரம் பலவகை இரட்டைத் தோணிகள் ஒரே பந்தயமாய் ஓடிவருகின்றன. அந்தத் தீவின் பெயரால் வழங்கும் கணக்கில் முக்கியமாய் மூன்று அளவுகள்: நீளம், பாயின் பரப்பு, ஓட்டுகிறவர்களையும் சேர்த்த எடை. நீளமும் பாயும் வேகத்தைக் கூட்டும், எடை குறைக்கும். ஆனால் ஒன்றுக்கு ஒன்று அப்படியே கூடாது. பாய் இரண்டு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காவதில்லை, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கூடும் என்பது அந்தக் கணக்கு. நீளம் இரண்டு மடங்கானால் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாய்க் கூடும். எடை இரண்டு மடங்கானால் வேகத்தில் அய்ந்தில் ஒரு பங்கு போய்விடும். இவற்றைச் சேர்த்து ஒவ்வொரு படகுக்கும் ஓர் எண் கொடுப்பார்கள். சின்ன எண் வேகமான படகுக்கு, பெரிய எண் மெதுவான படகுக்கு.

கணக்கைப் புரிந்துகொள்ள வேறு படிப்பு வேண்டாம். ஒரு புதுப் படகின் எண் 100 என்றும், ஒரு பழைய படகின் எண் 120 என்றும் வைத்துக்கொள்வோம். புதுப் படகு 60 நிமிஷத்தில் வந்தது. பழைய படகு 70 நிமிஷத்தில் வந்தது. கரையில் நிற்கிறவன் கண்ணுக்குப் புதுப் படகு ஜெயித்தது. ஆனால் 70-ஐ 100-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 58 நிமிஷம் 20 விநாடி. ஆகவே பழைய படகுக்காரன்தான் தன் படகை நன்றாக ஓட்டியவன். அவன் 75 நிமிஷம் எடுத்திருந்தால் கணக்கு 62½ நிமிஷமாகித் தோற்றிருப்பான். பார்த்தீர்களா? கழிவு கொடுத்ததால் அவன் சும்மா படுத்துக்கொண்டு ஜெயிக்க முடியாது. படகின் குறைக்குத்தான் கழிவு உண்டே தவிர, ஆளின் சோம்பலுக்கு ஒரு விநாடிகூடக் கிடையாது.

இதைக் கேட்டவுடன் வந்தவர்களில் இளையவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "இந்தக் கணக்கு இரட்டைத் தோணிக்குப் போட்டதாயிற்றே, கட்டுமரத்துக்கு எப்படிப் பொருந்தும்?" என்றார். பொருந்தாதுதான். தண்ணீரைக் கிழித்து ஓடும் மெல்லிய தோணியும், அலை மேலே தவழும் மரக்கட்டைகளும் ஒரே சூத்திரத்தில் அடங்கா. இதற்கு இங்கிலாந்துக்காரர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். போர்ட்ஸ்மத் கணக்கு என்று அதற்குப் பெயர். அதில் படகை அளப்பதில்லை. ஒரே மாதிரிப் படகுகள் பல பந்தயங்களில் எடுத்த நேரத்தைச் சேகரித்து, அந்த மாதிரிக்கே ஓர் எண் கொடுப்பார்கள். இதில் கவனிக்கவேண்டியது, எண் மாதிரிக்கே ஒழிய ஆளுக்கு அல்ல என்பது. ஆளுக்கு ஆள் எண் போட்டு, சென்ற முறை ஜெயித்தவனுக்கு இந்த முறை எண்ணைக் குறைத்தால், உழைத்துப் பழகினவனுக்கு அபராதமும் தூங்கினவனுக்கு வெகுமதியும் என்றாகிவிடும்.

ஆகவே கட்டுமரத்துக்கு வெள்ளோட்டம் விட்டுத்தான் எண் கண்டுபிடிக்கவேண்டும். வெள்ளோட்டத்தில் வேண்டுமென்றே மெதுவாய் ஓட்டிப் பெரிய எண் வாங்கிக்கொள்ளும் தந்திரசாலிகள் எல்லா ஊரிலும் உண்டு. அதற்காக ஆட்களை மாற்றி மாற்றி ஓட்டவைத்து, சராசரியை விட்டுவிட்டு, மிகக் குறைந்த நேரத்தையே எடுத்துக்கொள்ளும்படி சொன்னோம். எடையிலும் ஒரு தந்திரம் இருப்பதை அந்த மூத்தவரே சிரித்துக்கொண்டு சொன்னார். கட்டுமரம் தண்ணீர் குடிக்கும் மரம், கரையேற்றிக் காயவைத்தால்தான் இலேசாகும். எடை போடுமுன் ராத்திரி முழுதும் தண்ணீரில் ஊறப்போட்டு, எடையைக் கூட்டிக் காட்டிவிட்டுப் பிறகு காயவைத்து ஓடினால்? சுவாமிகளைத் தண்ணீரில் முக்கினால் பாவம் போகும் என்பார்கள், இங்கே மரத்தைத் தண்ணீரில் முக்கினால் பரிசு வரும்போலிருக்கிறது! பந்தயம் முடிந்து கரையேறினவுடனே நிறுத்துவிட வேண்டியதுதான்.

எந்தக் கணக்கும் பூரணமல்ல என்பதையும் மறைக்கக்கூடாது. மறைப்பது புரோகிதர் தொழில். காற்று இலேசாயிருக்கும்போது ஒரு மாதிரிப் படகுக்கும், பலமாயிருக்கும்போது வேறொரு மாதிரிப் படகுக்கும் அனுகூலம். ஒரே எண் இரண்டுக்கும் சரியாயிருக்காது. அமெரிக்காவில் இதற்காகக் காற்றின் பலத்துக்குத் தக்கபடி தனித்தனி எண் வைத்திருக்கிறார்கள். நீரோட்டம் எதிர்த்தால் மெதுவான படகுக்கு எண் கொடுக்கிற கழிவு போதாது, நீரோட்டத்தோடு போனால் கழிவு அதிகமாகிவிடும். தோணியின் அடிவடிவத்தை எந்தச் சூத்திரமும் முழுதும் பிடிப்பதில்லை. இவ்வளவு குறையிருந்தும் இதை நாம் ஏன் ஆதரிக்கிறோம் என்றால், குறை எங்கே என்று தெரிகிறது, அடுத்த ஆண்டு திருத்தலாம். திருவுளச் சீட்டு தப்பினால் எதைத் திருத்துவது? அம்மனையா, சீட்டையா, பூசாரியையா?

ஆளின் எடைக்கும் வழி கண்டிருக்கிறார்கள். பார்முலா 18 என்ற மாதிரி இரட்டைத் தோணியில், படகு 180 கிலோவுக்குக் குறையக்கூடாது, அகலம் 2.60 மீட்டருக்கு மேற்படக்கூடாது. பாரமான இருவர் ஏறினால் முன்பாயும் காற்றுப்பையும் பெரியதாய் வைத்துக்கொள்ளலாம், இலேசான இருவர் ஏறினால் சிறியது. ஒலிம்பிக் பந்தயத்திலே 2016 முதல் ஓடிவந்த நாக்ரா 17 என்னும் இரட்டைத் தோணியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்தே ஓட்டவேண்டும் என்பது விதி. பெண் கடலில் இறங்கினால் தீட்டு என்று பேசுகிற பெரியவர்கள் அந்தக் குப்பத்தில் இருப்பார்களானால், டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னைப் பெண் நேத்ரா குமணன் தனியாளாய்ப் பாய் இழுத்ததை யாராவது அவர்களுக்குச் சொல்லட்டும். கடல் வற்றவுமில்லை, பொங்கவுமில்லை.

கணக்கு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1911-இல் சென்னையில் பாய்மரப் படகுச் சங்கத்தை ஏற்படுத்திய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துரையே துறைமுகக் காரியாலயத்தின் தலைவராயும் இருந்தவர். 1912-இல் அந்தக் காரியாலயத்தில் குமாஸ்தாவாய்ச் சேர்ந்தவர்தான் கணித மேதை இராமானுஜம். தம் சூத்திரங்களை நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் தந்ததாக அவர் சொல்லுவாராம். அதே தாயாரை அன்றாடம் கும்பிட்ட மற்ற ஆயிரம் பேருக்கு ஒரு வாய்ப்பாடும் கிடைக்காத காரணம் என்ன என்று யாரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

கடைசியாக, கரையில் நிற்கும் ஜனங்களைப் பற்றி. பெருக்கி வகுத்து ஒரு மணி நேரம் கழித்துப் பரிசு சொன்னால், "உள்ளுக்குள்ளே என்னமோ செய்துவிட்டார்கள்" என்று சந்தேகப்படுவார்கள். சந்தேகப்படுவது நல்ல குணமே. ஆகவே கழிவை முன்னாலேயே கொடுத்துவிடும்படி சொன்னோம். 100 எண்ணுள்ள படகு 60 நிமிஷம் ஓடவேண்டிய தூரத்தை 120 எண்ணுள்ள படகு 72 நிமிஷம் ஓடும். எனவே அதை 12 நிமிஷம் முன்னதாக விட்டுவிட வேண்டியது. அதன்பின் யார் முதலில் கோட்டைத் தாண்டினாலும் அவரே ஜெயித்தவர். குழந்தைக்கும் கண்ணால் தெரியும். பஞ்சாயத்தாரின் தீர்ப்பிலும் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாய்த்தான் போகின்றன. வரிசை மட்டும் சீட்டிலிருந்து வராமல் அளவுகோலிலிருந்து வரும். எண்கள் இன்னவென்று பத்து நாள் முன்னதாகவே கரையில் பலகையில் எழுதி வைக்கவேண்டும், ஆட்சேபமுள்ளவன் எந்தப் படகையும் மறுபடி அளந்து பார்க்க உரிமை வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னோம்.

1714-இல் நம் ஊர்த் தேசிங்கு சிறு படையுடன் ஆற்காட்டு நவாபின் பெரும் படையை எதிர்த்து மாண்டார். யுத்தத்தில் கழிவு கொடுப்பவன் இல்லை. பந்தயம் யுத்தமல்லவே!

வந்தவர்கள் பழைய நோட்டீசின் முதுகில் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டு மாலை பஸ்ஸுக்குப் புறப்பட்டார்கள். பட்டணத்துக் கனவான்கள் தங்கள் படகை அளக்க ஒப்புவார்களா என்று மூத்தவருக்குச் சந்தேகம். ஒப்பாவிட்டால் அந்தக் காரணத்தையும் அதே பலகையில் எழுதி வைக்கும்படி சொன்னோம். மீன் ஏலத் தராசைப் பஞ்சாயத்தார் கொடுக்க மறுத்தால், செஞ்சியிலிருந்து ஒரு தொங்கு தராசு வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாமே வெள்ளோட்டத்திற்கு வருவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அளவு நாடா அவர்களிடமே இருக்கிறதாம்.